திருநாவுக்கரசின் மீசை தொடர்பாக

மீனாட்சி அவர்களுக்கு,

கறுப்பு மை தீர்ந்துவிட்டதால் இதை நீல மையில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். சுங்கை பாக்காப் தமிழ்ப்பள்ளியில் எங்களுக்கு அலுவல் கடிதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, இரண்டாம் பத்தியிலிருந்து எண் போட வேண்டும் என்பார். இது கல்யாண வீட்டு விஷயம் என்பதால் எண் போடவில்லை.

"எல்லாத்தையும் ஒன்னு விடாம எழுதி அனுப்புங்கண்ணே, அப்புறம்தான் மத்தது பேசுவேன்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தீர்கள். நியாயமான கோரிக்கை.

எங்கள் டத்தோ கிராமாட் கற்பனைக் கூடைப்பந்துக் குழுவில் எட்டுப் பேர். எட்டுப் பேரில் ஒருவர்கூட நிஜப் பந்தை வளையத்தில் போட்டவர் இல்லை. அமெரிக்காவில் ஆடுகிறவர்களை ஆளுக்குப் பத்துப் பேராகக் கைபேசியில் பிரித்துக்கொள்வோம். அவர்கள் அங்கே எடுக்கும் புள்ளி இங்கே நம் பெயரில் ஏறும். அங்கே இரவு ஆட்டம் என்றால் நமக்குக் காலை. ரொட்டி சானாய் சாப்பிட்டு முடிப்பதற்குள் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் தங்கள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதைத்தான் துக்கார் என்கிறோம். ஒவ்வொரு துக்காரும் நியாயமானதா என்று எடைபோட்டு எழுத்தில் கருத்துச் சொல்வது செயலாளரான என் வேலை. ஏழு ஆண்டுகளில் நூற்றுப் பத்தொன்பது மதிப்பீடுகள் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் எழுத்துப்பிழை கிடையாது.

கடைசி இடத்துக்கு வருகிறவர் மீசையை எடுக்க வேண்டும் என்ற விதி என்னுடையதல்ல. எட்டுப் பேரில் ஒருவரான இஸ்மாயில் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னது. நான் அதைத் தட்டச்சு செய்து எட்டுக் கையெழுத்து வாங்கினேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி மாதத்தில் எட்டாம் இடத்தில் இருந்தவன் நான். ஏழாம் இடத்தில், நாற்பது புள்ளி முன்னால், நான் தம்பி என்று அழைக்கும் உங்கள் மாப்பிள்ளை திருநாவுக்கரசு. என் மீசைக்கு இருபத்தாறு வயது. என் மனைவி சாந்தினி அது இல்லாத முகத்தை இதுவரை பார்த்ததில்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

அந்த வாரம் இஸ்மாயில் ஒரு துக்கார் போட்டார். தம்பியிடம் எலி என்று நாங்கள் அழைக்கும் ஆட்டக்காரர் இருந்தார். குள்ளம், படுவேகம், தினமும் இருபது புள்ளிக்குக் குறையாது. (வாயில் நுழையாத பெயர்களுக்கெல்லாம் நாங்களே பெயர் வைத்துவிடுவோம்.) எலியைக் கொடுத்தால் பனைமரத்தைத் தருகிறேன் என்றார் இஸ்மாயில். பனைமரம் ஏழடி உயரம், முப்பத்தெட்டு வயது, ஒரு காலத்தில் எல்லாரும் கும்பிட்ட ஆள்.

கைபேசியில் பனைமரத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு O இருந்தது. தம்பி என் எதிரே உட்கார்ந்து அதைக் காட்டினார்.

"அண்ணே, இந்த O என்னாண்ணே?"

"ஓய்வு" என்றேன்.

"ஓ" என்றார். பிறகு சிரித்தார். "ரெஸ்ட்டு எடுக்கறானா? பெரிய ஆளுங்க எல்லாம் அப்படித்தாண்ணே. கடைசியில வந்து வெளுப்பானுங்க."

நான் ஆமோதிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. என் மீ கோரேங் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த O ஆங்கிலத்தில் அவுட், அதாவது ஆட வரமாட்டார், என்பதன் முதல் எழுத்து. நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். எனக்கு ஓ என்றால் ஓய்வுதான் முதலில் வரும். என் அப்பா துறைமுகத்தில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அதுவும் ஓய்வுதான். அதன்பிறகு அவர் துறைமுகத்தின் பக்கம் போகவில்லை. பனைமரமும் அந்தத் திங்கட்கிழமை முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி, அதே வகையில்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

மதிப்பீடு எண் நூற்றுப் பத்தொன்பதை அப்படியே தருகிறேன்: "பனைமரம் உயரமானவர். நீண்ட அனுபவம் உள்ளவர். தற்போது ஓய்வில் உள்ளார். எலிக்கு ஈடாக ஏற்கத்தக்கவர்." இதில் பொய்யான சொல் ஒன்று இருந்தால் காட்டுங்கள்.

அவர் செய்தி படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். படித்திருக்கலாம். ஆனால் அழைப்பிதழ் அட்டையின் நிறம் பார்க்க நீங்கள் அவரை மூன்று சனிக்கிழமை தொடர்ந்து லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப்போனீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. காரணங்களைப் பாரபட்சமில்லாமல் அடுக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் நடுவில் தம்பிக்குச் சற்றுச் சந்தேகம் வந்தது. பனைமரத்தை விடுவித்துவிட்டு வேறு ஆளை எடுக்கட்டுமா என்று கேட்டார். பொறுமை காப்பது நல்லது என்று எழுத்தில் தெரிவித்தேன். நன்றி சொல்லி ஒரு டின் முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் அம்மா சுட்டதாம். நன்றாக இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரலில் சீசன் முடிந்தபோது தம்பி எட்டாம் இடம், நான் ஏழாம் இடம். வித்தியாசம் பதினோரு புள்ளி.

அப்துல் காதர் அண்ணனின் முடிதிருத்தும் கடையில் எல்லாரும் கூடினோம். உண்மையைச் சொன்னால், யாருக்கும் மனசில்லை. மூன்று வாரத்தில் கல்யாணம், மாப்பிள்ளையை விட்டுவிடலாம், அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு பேரும் சொன்னார்கள். காதர் அண்ணன் கத்தியைத் தீட்டாமலே நின்றார். "மீசைய எடுத்தா இந்த மூஞ்சி எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியலலா, தம்பி" என்றார்.

எட்டுக் கையெழுத்து உள்ள தாளை நான் மடிப்பு நீக்கிக் கண்ணாடிமுன் வைத்தேன்.

தம்பி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே எதையும் நியாயமாத்தான் செய்வாரு. எடுங்க, காதர் அண்ணே."

எடுத்து முடித்து, துண்டால் துடைத்த பிறகுதான் இஸ்மாயில் வாயைத் திறந்தார். "அந்தப் பனைமரம் ரிட்டயராகி ரெண்டு மாசம் ஆச்சுலா. அண்ணே தள்ளிருவாருன்னு நெனச்சுத்தான் சும்மா அந்தத் துக்கார போட்டேன்." தம்பி என்னைப் பார்த்தார். அவருக்கு மேலுதடு இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் அவருடைய தொழிற்சாலை வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரம் அவரை உள்ளே விடவில்லை என்று கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா அவரிடமே "மாப்பிள்ள வரலையா தம்பி?" என்று கேட்டதாகவும் சொன்னீர்கள். வருந்துகிறேன். என்னோடு அவர் பேசி இன்றோடு ஒன்பது நாள்.

நீங்கள் செய்தியின் முடிவில் ஒரு வழி சொல்லியிருந்தீர்கள். "நீங்களும் எடுத்துட்டு வந்து அவரு பக்கத்துல மாப்பிள்ளத் தோழனா நில்லுங்க. அவரு உங்களோட பேசுவாரு. அதுக்கு நான் பொறுப்பு."

இதுவும் ஒரு துக்கார்தான். ஆகவே முறைப்படி மதிப்பிட்டேன். ஒரு பக்கம் தம்பியின் நட்பு: பதினோராண்டு, நல்ல நிலையில் இருந்தது, அண்மையில் அடிபட்டிருக்கிறது. மறுபக்கம் என் மீசை: இருபத்தாறாண்டு, ஒரு நாள்கூடக் காயமில்லை. இரண்டும் சமமான எடை அல்ல. ஏற்க இயலாது என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மாற்று யோசனையாக, முகக்கவசம் அணிந்துகொண்டு பக்கத்தில் நிற்கத் தயார். என் பட்டுச் சட்டை சந்தன நிறம். கவசத்தை அதற்கேற்ப எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டபடி ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். ஆனால் என் மீசையைக் காப்பாற்றச் செய்தேன் என்று மட்டும் தயவுசெய்து நினைக்க வேண்டாம். பாதிப்பு யாருக்குக் குறைவு என்று பார்த்துத்தான் முடிவெடுத்தேன். தம்பி இளைஞர், நாலு மாதத்தில் அவருக்குப் பழையபடி வளர்ந்துவிடும். உங்கள் மீசையும்தானே வளரும் என்று கேட்பீர்கள். வளரும்தான். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
முத்துவீரப்பன்
செயலாளர்