இராட்டினத்தில் கட்டிய செப்புக்கம்பி

2003 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. வவுனியா, களியாட்டத் திடலில் உள்ள தற்காலிகப் பொலிஸ் காவற்கூடம். கீழே பெயர் குறிப்பிடப்படுபவர் தமிழில் சொல்லச் சொல்ல, உப பொலிஸ் பரிசோதகர் றிஃபாத் தமிழிலேயே எழுதியது.

எனது பெயர் சிற்றம்பலம் பரமேஸ்வரன். வயது நாற்பத்து மூன்று. தொழில் நீரிறைக்கும் இயந்திரங்கள் திருத்துவது. குருமண்காட்டில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த இடம் மல்லாவி. திருமணமானவன். மனைவி விமலேஸ்வரியும் பத்து வயது மகள் பிரியந்தினியும் மல்லாவியில் இருக்கிறார்கள். உம்முடன் இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கப்பட்டதற்கு ஒருவரும் இல்லை என்று பதில் சொன்னேன்.

இன்று காலை திடலில் உள்ள பெரிய இராட்டினத்தின் ஒரு தொட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் தடவிக்கொண்டு நின்றபோது நான் பிடிக்கப்பட்டேன். அந்தத் தொட்டிலின் சட்டத்தில் சுற்றியிருந்த செப்புக்கம்பி என்னுடையது. நேற்று மாலை அதைச் சுற்றியவனும் நானே. எனது காற்சட்டைப் பையில் இருந்த ஸ்பேனரும் மிச்சக் கம்பியும் எனது தொழிலுக்குரியவை. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவனின் பையில் கம்பி இல்லாமல் கற்கண்டா இருக்கும் என்று பொலிஸ்காரரிடம் கேட்டது எனது பிழை. அதற்கு வருந்துகிறேன்.

தனி ஆள் ஒருவர் பிள்ளைகள் வரும் களியாட்டத் திடலுக்கு நாள்தோறும் வந்தது ஏன், வாசல்களையும் சனக்கூட்டத்தையும் ஜெனரேற்றரையும் பற்றி விசாரித்தது ஏன் என்று கேட்கப்பட்டது. அதற்கு முதலில் இருந்து சொல்லவேண்டும்.

1997ஆம் ஆண்டு சிறுநீரகத்தில் கல் இருந்தபடியால் சத்திரசிகிச்சைக்காக மல்லாவியிலிருந்து வெளியே போவதற்கான பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்தேன். கல்லை எடுத்தார்கள். அதன் பின்னர் காயம் ஆறுவதற்கிடையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. அப்போது மகளுக்கு நாலு வயது. ஒரு கிழமைக்கென்று இரண்டு சாரமும் ஒரு துவாயும் கொண்டு வந்தவன் ஐந்து வருடம் இங்கே நின்றேன். பாதை திறந்ததும் முதல் கிழமையிலேயே மல்லாவிக்குப் போனேன். படலையைத் திறந்த பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “அம்மா, ஆரோ ஒரு மாமா வந்திருக்கிறார்” என்று சொன்னாள். நான் படலைக்கு வெளியிலேயே நின்றேன். எனக்கு அழுகை வந்தது. சைக்கிளைப் பூட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

அதன் பின்னர் மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்தா. அவா தனியே தோட்டம் செய்து பிள்ளையை வளர்த்தவா. என்னோடு கோபம் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் வவுனியாவுக்கே திரும்பிவிட்டேன். இந்த வருடம் இந்தக் களியாட்டம் வந்தபோது, பிள்ளையை ஒருநாள் அனுப்பும்படி அவாவின் தம்பி கோகுலனிடம் சொல்லிவிட்டேன். அவா சொல்லியனுப்பிய பதில் இது: “ஞாயிற்றுக்கிழமை கோகுலன் கூட்டிக்கொண்டு வருவான். பின்னேரம் சோதனைச்சாவடி பூட்ட முதல் திரும்பவேணும். அவளுக்கு உங்களோட அண்டைக்கு நல்லாப் போனா மார்கழி லீவுக்கு அனுப்புறன். அவள் மாட்டன் எண்டா நான் வற்புறுத்தமாட்டன்.”

ஆகையால் எனக்குக் கிடைத்தது ஒரு நாள். அந்த நாளில் எதுவும் பிழையாகக்கூடாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் திடலுக்கு வந்து, இருக்கிற எல்லாவற்றையும் தின்றும் ஏறியும் பார்த்தேன்.

முதலில் தின்பண்டங்களைப் பார்த்தேன். வாசலடிச் சர்பத்தில் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இறால் வடையில் மேலே ஒட்டியிருக்கும் இறாலைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும், சிலதில் வெறும் காலும் மீசையுமாக இருக்கும். பஞ்சு மாதிரி இருக்கும் தும்புமுட்டாஸ் வாங்குவதென்றால் காற்றுக்கு மறைவான பக்கம் போகவேண்டும், மற்றப் பக்கத்தில் பாதிக்குப் பாதி புழுதி. கொத்துரொட்டிக் கடையில் தட்டுகிற சத்தம் திடல் முழுக்கக் கேட்கும், ருசி அந்தச் சத்தத்தோடு சரி. நல்ல சாப்பாடு என்றால் பின்வாசலுக்குப் பக்கத்தில் நபீஸா அக்கா வைத்திருக்கும் சின்னக் கடைதான். அவர் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். ஊரைவிட்டுப் புத்தளத்துக்குப் போய் அகதியாக இருந்து, சமாதானத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர். அவருடைய மீன் ரோல்ஸ் முதல் சட்டியில் எடுத்ததைத் தின்னவேண்டும். பிள்ளை உறைப்புத் தின்னுமா என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அதன் பின்னர் ஞாயிற்றுக்கிழமை மிளகாய் குறைத்துக் கொஞ்சம் தனியாகச் செய்து வைப்பதாகச் சொன்னார். பிள்ளையோடு வந்து அவருடைய கடைக்கு முன்னால் உள்ள மர வாங்கில் இருக்கும்படி கோகுலனுக்குச் சொல்லியனுப்பினேன்.

பின்வாசலைப் பற்றி விசாரித்தது, பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறை அந்தப் பக்கத்தில் இருப்பதனால். சனம் எந்த நேரத்தில் கூடும் என்று விசாரித்தது, பிள்ளையை நெரிசலில் விடாமல் இருப்பதற்காக. ஜெனரேற்றரைப் பற்றிக் கேட்டது, இராட்டினத்தில் மாலையில் போடும் நிற விளக்குகளை அவள் பார்க்கமுடியாது என்பதனால். அவள் இருட்டுவதற்கு முன் போய்விடவேண்டும். விளக்குகளைப் பகலில் ஒருதரம் போட்டுக் காட்டமுடியுமா என்று இராட்டினக்காரரிடம் கேட்டேன். வெயிலுக்கு விளக்குப் பிடிக்கச் சொல்கிறீரா என்று அவர் சிரித்தார்.

அதன் பின்னர் பேய்வீட்டுக்குள் போனேன். அங்கே பேயாக வேலை செய்பவர் அப்புத்துரை என்பவர். முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கம் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரைச் சந்தித்து, ஞாயிற்றுக்கிழமை எனது பிள்ளை வருவாள், கொஞ்சமாகப் பயப்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர். “கொஞ்சம் எண்டா எவ்வளவு அண்ணை? கத்தவேணுமோ, கையை மட்டும் நீட்டினாக் காணுமோ?” என்று கேட்டார். எனது மகள் எவ்வளவுக்குப் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் நாலு வயதில் தவளைக்குப் பயப்பட்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்று அறைக்குப் போய்ச் சமைக்காமல் படுத்துவிட்டேன்.

அதன் பின்னர் இராட்டினம். அதில் எல்லாத் தொட்டிலுக்கும் ஒரே மஞ்சள் பூச்சு. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், ஏறிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சிலதில் ஆணி இளகிக் கிரீச்சென்று கத்தும். சிலது மேலே போனதும் ஒரு பக்கம் சரியும். கிறீஸ் போடாமல் இயந்திரத்தை ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும், ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினேன். நேற்று மாலை, சத்தமும் சரிவும் இல்லாத தொட்டில் ஒன்று கிடைத்தது. மறுநாள் அதைக் கண்டுபிடிப்பதற்காகப் பையில் இருந்த கம்பியில் ஒரு துண்டை அடையாளமாகச் சுற்றினேன். இன்று காலை கீழ் ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இந்த நாட்டில் சனம் ஏறும் இடத்தில் கம்பியைக் கட்டிவிட்டுப் போகிறவனை என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். சமாதான காலம்தானே என்று புத்தி படுத்துவிட்டது.

மேலே இருந்து எதைப் பார்த்தீர் என்று கேட்கப்பட்டது. வடக்குப் பக்கம் பார்த்தேன். காடும் ஒரு குளத்துத் தண்ணீரும் தெரிந்தன. மல்லாவி தெரியாது. தெரியாது என்று தெரிந்துகொண்டுதான் பார்த்தேன்.

நான் பிடிக்கப்பட்டதும் இராட்டினம் நிறுத்தப்பட்டுச் சனம் விலக்கப்பட்டது. நான் இருத்தப்பட்ட கதிரையிலிருந்து யன்னலால் பார்த்தால் இராட்டினம் தெரியும். அது அசையாமல் நின்றது. அதைச் சுற்றிப் பொலிசார் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு வெளியே பிள்ளைகள் வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மல்லாவியிலிருந்து வரும் சனம் வந்துசேரும் நேரம் அது. அந்த வரிசையில் எனது மகளும் நிற்கக்கூடும். எல்லாப் பெண்பிள்ளைகளும் இரட்டைப் பின்னலும் வெள்ளைச் செருப்புமாக நின்றார்கள். அதில் யார் எனது பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.

உமது கதை உண்மையென்றால் பிள்ளையை இங்கே கூப்பிட்டு, இவர் உன் அப்பாவா என்று கேட்டால் முடிந்துவிடும் என்று பரிசோதகர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்டார். “பொலிசில வைச்சு அவளிட்ட அதைக் கேக்காதேங்கோ சேர். இல்லை எண்டு சொல்லிப்போட்டா நான் என்ன செய்யிறது?” என்று சொன்னேன். அதன் பின்னர், என்னை எத்தனை நாள் வைத்திருந்தாலும் பரவாயில்லை, நபீஸா அக்காவின் கடை வாங்கில் காத்திருக்கும் பிள்ளையிடம் அப்பா அவசர வேலையாகப் போய்விட்டார் என்று சொல்லிவிடுங்கள், இராட்டினத்தை மட்டும் அவள் போவதற்கு முன் சுற்றவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்தச் செய்தி பொலிஸ்காரர் ஒருவர் மூலம் அனுப்பப்பட்டது.

தொட்டிலில் ஒன்றும் வைக்கவில்லை என்பது உறுதியா என்று பரிசோதகர் கேட்டார். உறுதி என்றேன். அப்படியென்றால் முதலில் நீர் அதில் ஏறி இரும், சுற்றிப் பார்ப்போம் என்றார். நான் சம்மதித்தேன். இவ்விடத்தில் எழுதுவது நிறுத்தப்பட்டு, பின்னர் தொடரப்பட்டது.

என்னை விலங்கில்லாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். கம்பியை நானே கழற்றிக் கொடுத்தேன். அது சான்றுப்பொருளாக எடுக்கப்பட்டது. அந்தத் தொட்டிலில் நான் மட்டும் ஏறினேன். மற்றத் தொட்டில்கள் எல்லாம் வெறுமை. பொலிசாரும் சனமும் எட்டத்தில் நின்றார்கள். இராட்டினம் மெதுவாகச் சுற்றியது. இருவர் இருக்கக்கூடிய ஆசனம் அது, நான் பழக்கத்தில் ஒரு பக்கம் ஒதுங்கியே இருந்தேன். இந்தக் கிழமை முழுக்க அப்படித்தான் இருந்து பழகினேன்.

உச்சிக்குப் போனதும் நபீஸா அக்காவின் கடை வாங்கு தெரிந்தது. அதில் கோகுலன் இருந்தான். பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பிள்ளை வாங்கின்மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை அசைத்தாள். நானும் அசைத்தேன். அவள் என்னை அடையாளம் கண்டு அசைத்தாளா, இராட்டினத்தில் போகிறவருக்கு எல்லாப் பிள்ளைகளும் அசைப்பது போல அசைத்தாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் சந்தோசப்படுவதா என்றும் தெரியவில்லை.

அதன் பின்னர் என்னை இறக்கி மறுபடியும் இங்கே கொண்டுவந்து இருத்தினார்கள். கயிறு அவிழ்க்கப்பட்டு இராட்டினம் சனத்துக்கு விடப்பட்டது. யன்னலால் பார்த்தேன். நீலச் சட்டை கோகுலனோடு ஏறியது. எந்தத் தொட்டில் என்று எனக்குத் தெரியவில்லை, கம்பி இல்லாதபடியால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது. கிரீச்சென்ற சத்தம் எதுவும் இவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் பஸ்சுக்குப் போவதைக் கண்டேன். பிள்ளை இந்தக் காவற்கூடத்தைத் திரும்பிப் பார்த்தபடி போனாள். நான் யன்னலோரம் எழும்பி நிற்க அனுமதி கேட்டேன். தரப்பட்டது. அதற்கிடையில் அவர்கள் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

அதன் பின்னர் நபீஸா அக்கா கையில் ஒரு கடதாசிப் பார்சலோடு காவற்கூடத்துக்கு வந்தார். எனக்காகச் சாட்சி சொல்லவும் விரும்பினார். அவர் என்னிடம் சொன்னது: “நான் ஒண்டும் சொல்லல்ல தம்பி. நீங்க வேலைக்குப் போயிட்டீங்க எண்டுதான் சொன்னன். புள்ள மேல பாத்திட்டு, அது எங்கட அப்பா எல்லோ எண்டு தானாத்தான் சொல்லிச்சு. ரெண்டு ரோல்ஸ் குடுத்தன். ஒண்டத் திண்டுபோட்டு, உறைப்புக் காணாது, இன்னும் போடுங்கோ எண்டிச்சு. மத்தத அப்பாக்குக் குடுங்கோ எண்டு கடதாசியில சுத்தித் தந்திட்டுப் போகுது.”

பார்சல் என்னிடம் தரப்படவில்லை. வழமையான சோதனைக்காகப் பொலிசார் அதைப் பிரித்து, உள்ளிருந்த ரோல்ஸைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் இருந்தன. அது இப்போது பரிசோதகரின் மேசையில் செப்புக்கம்பிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. விசாரணை முடியும்வரை, குறைந்தது நாளைவரை, நான் இங்கே இருக்கவேண்டும் என்று சொல்லப்பட்டது. அதற்கு ஆட்சேபனை இல்லை.

இதில் எழுதப்பட்டது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஒரு திருத்தம் மட்டும் செய்யும்படி கேட்டேன். மகள் உறைப்புத் தின்பாளா என்பது தெரியாது என்று மேலே சொல்லியிருக்கிறேன். இப்போது தெரியும், தின்பாள். மற்ற எல்லாம் நான் அறிந்தபடி உண்மை. எவருடைய பயமுறுத்தலும் இல்லாமல் சொன்னேன். செப்புக்கம்பியைப் பொலிசார் வைத்துக்கொள்ளலாம். ரோல்ஸை, வெட்டியபடியே, என்னிடம் தந்துவிடும்படி கேட்டு இதன்கீழ் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) சி. பரமேஸ்வரன்