இருநூத்திப் பன்னெண்டாவது படம்

மாமியார்: இன்னொரு தடவை அமுக்கு.

மருமகள்: பத்துத் தடவை அமுக்கியாச்சு அத்தை. அதே பதில்தான். இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாதாம்.

மாமியார்: முப்பது வருஷம் நர்ஸா இருந்திருக்கேன். முடியாதுன்னு படுத்துக் கிடந்த எத்தனை பேரை எழுப்பி நடக்க வெச்சிருக்கேன். அமுக்கு.

மருமகள்: அவங்க மனுஷங்க. சத்தம் போட்டா பயப்படுவாங்க. இது கம்ப்யூட்டர்.

மாமியார்: அஞ்சு மணிக்குள்ள ரா ஃபைல் போய்ச் சேரணும். இல்லேன்னா போட்டோப் போட்டியிலிருந்து நம்ம படத்தைத் தூக்கிடுவாங்க. இப்ப மணி என்ன?

மருமகள்: மூணே கால்... அத்தை, விட்டுடலாமே. கடைசிச் சுற்று வரைக்கும் வந்ததே பெரிசு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.

மாமியார்: அடுத்த வருஷம் என் கை எந்த லட்சணத்துல இருக்கும்னு உனக்குத் தெரியுமா? ஊசி போட முடியலைன்னு வேலையை விட்டப்ப இவ்வளவு ஆடல. இப்பக் காபி டம்ளரே தளும்புது. அதனால அடுத்த வருஷக் கதையெல்லாம் வேண்டாம். ஏன் திறக்கல, அதைச் சொல்லு.

மருமகள்: கேமரா புதுசு, சாஃப்ட்வேர் பழசு. ரா-ங்கிறது கேமரா பார்த்ததை அப்படியே கட்டி வெச்ச மூட்டை. ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு விதமா முடிச்சுப் போடும். உங்க கேமரா போடுற முடிச்சை இதுக்கு அவிழ்க்கத் தெரியல.

மாமியார்: அப்பப் புது சாஃப்ட்வேர் போடு.

மருமகள்: கம்ப்யூட்டர் தாங்காது. உங்க பிள்ளை காலேஜ் படிக்கிறப்ப வாங்குனது.

மாமியார்: அவனையே தாங்குச்சு...

மருமகள்: அவரைத் தாங்குறது நான் அத்தை.

மாமியார்: அது வாஸ்தவம். சரி, வேற வழி? கீழ் உதட்டைக் கடிக்கிறியே, வழி இருக்குன்னு அர்த்தம். சொல்லு.

மருமகள்: மாத்திக் குடுக்கிற சின்ன சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு. எல்லா முடிச்சையும் ஒரே பொது முடிச்சாப் போட்டுக் குடுக்கும். ஆனா...

மாமியார்: ஆனாவைக் கழட்டி வெச்சுட்டு அதை இறக்கு.

மருமகள்: போட்டிக்காரங்க மாத்துனதை ஏத்துக்க மாட்டாங்க. அசல்தான் வேணும்னு கேக்கிறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.

மாமியார்: அசலைத்தான் அனுப்பப் போறேன். திறந்து பார்த்துட்டு அனுப்புவேன். மருந்து பாட்டில்ல பேரைப் படிக்காம ஒரு நாளும் ஊசி போட்டவ இல்ல நான்.

மருமகள்: சரி... இறங்கிடுச்சு. இப்பப் படம் இருக்கிற ஃபோல்டரைக் காட்டணும்.

மாமியார்: என்னம்மா இது, ஃபோல்டர் காலியா இருக்கு. படமெல்லாம் எங்க?

மருமகள்: பதறாதீங்க, உள்ளதான் இருக்கு. இது ஃபோல்டரை மட்டும்தான் கேக்குது, அதனால உள்ள இருக்கிறதைக் காட்டாது. நம்பி அப்படியே தூக்கிக் குடுக்கணும்... மொத்தத்தையும் மாத்த ரொம்ப நேரமாகும் அத்தை. அஞ்சு மணி தாண்டிடும்.

மாமியார்: தாண்டாது. ஓட விடு. அதுக்குள்ள நான் நோட்டை எடுத்துட்டு வரேன்.

மருமகள்: எந்த நோட்டு?

மாமியார்: எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் நம்பர், நேரம், என்ன எடுத்தேன்னு எழுதி வெச்சிருக்கேன். வார்டுல ஒட்டிக்கிட்ட பழக்கம். எழுதலேன்னா நாங்க செஞ்சதா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

மருமகள்: ஓ... இது எனக்குத் தெரியாதே.

மாமியார்: ஓடுது பாரு. முதல் படம், எங்க ஆஸ்பத்திரி மொட்டை மாடி. காயப் போட்ட பெட்ஷீட்டுங்க... கலங்கியிருக்கு. இதுவும் கலங்கியிருக்கு.

மருமகள்: ரெண்டு மூணுதான் அப்படி.

மாமியார்: கண்ணாடி போட்டிருக்கேன்மா. எனக்கும் தெரியுது.

மருமகள்: ...முடிஞ்சிடுச்சு.

மாமியார்: என்ன சொல்லுது, படி.

மருமகள்: மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு. மாத்துனது இருநூத்திப் பதினொண்ணு. மாத்த முடியாதது... ஒண்ணு.

மாமியார்: எது?

மருமகள்: கடைசி நம்பர். போட்டிக்குப் போனது.

மாமியார்: மத்தது எல்லாம் நல்ல பிள்ளையாத் திறந்துச்சு. இது மட்டும் ஏன் அடம் பிடிக்குது?

மருமகள்: கேமராவோட மெமரி கார்டு கெட்டிருக்கலாம். காப்பி பண்றப்ப பாதியில அறுந்திருக்கலாம்...

மாமியார்: சைஸ் என்ன?

மருமகள்: நாலு எம்.பி.

மாமியார்: மத்ததுக்கு?

மருமகள்: ஐம்பது ஐம்பது.

மாமியார்: ஒரே வயித்துல பொறந்ததுல ஒண்ணு மட்டும் இவ்வளவு நோஞ்சானா?

மருமகள்: அத்தை...

மாமியார்: சொல்லு. மணி நாலரை ஆகுது.

மருமகள்: அது ரா இல்ல. அதே மொட்டை மாடியில நான் என் மொபைல்ல எடுத்த படம். உங்க கடைசி நம்பருக்கு அடுத்த நம்பரைப் போட்டு, ஃபைல் பேருக்குப் பின்னால வகையைச் சொல்ற மூணு எழுத்தை மாத்தி ஃபோல்டருக்குள்ள வெச்சேன். பேரை மாத்துனா படம் ராவா ஆயிடுமா? அதான் இது துப்பிடுச்சு.

மாமியார்: ஏன் வெச்சே?

மருமகள்: அன்னைக்கு ஆஸ்பத்திரியில படம் எடுத்துட்டு பஸ்ல வர்றப்ப, ஆடுற கையை இன்னொரு கையால மடியில அமுக்கிப் பிடிச்சுட்டு வந்தீங்க. ஒரு வார்த்தை பேசல. எனக்குத் தாங்கல. ஒரு படமாவது நல்லா வந்துச்சுன்னு நீங்க சந்தோஷப்படணும்னு... போட்டிக்கு முதல்ல அனுப்ப அந்தப் படத்தோட சின்ன காப்பி கேட்டீங்களே, அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. மன்னிச்சிடுங்க அத்தை. தப்பு என்னோடதுன்னு நானே அவங்களுக்கு எழுதிடறேன்.

மாமியார்: இரு. இருநூத்திப் பதினொண்ணைத் திற. நான் எடுத்த கடைசிப் படம்.

மருமகள்: இது... நானு. பக்கெட்டைக் கவுத்துப் போட்டு ஏறி நிக்கிறேன்.

மாமியார்: மொபைலைத் தூக்கிப் பிடிச்சுட்டு. உன் கோலத்தைப் பார்த்து அங்க பெட்ஷீட் துவைக்கிற அம்மா சிரிக்கிறா பாரு. இப்ப நோட்டைப் படி.

மருமகள்: 'இருநூத்திப் பதினொண்ணு. காலை பத்து நாப்பது. மருமக படம் எடுக்கிறா. பேட்டரி தீர்ந்துச்சு.'

மாமியார்: பேட்டரி செத்த கேமரா எப்படிம்மா இன்னொரு படம் எடுக்கும்?

மருமகள்: அப்ப... தெரிஞ்சேதான் அனுப்புனீங்களா? தெரிஞ்சேதான் இவ்வளவு நேரம் என்னை உக்கார வெச்சு வறுத்தீங்களா?

மாமியார்: உன் வாயால வரட்டும்னு இருந்தேன். என் படங்களையும் திறக்கணும்ல. கலங்குனாலும் அது நான் எடுத்தது. இனிமே கை ஆடுச்சுன்னா வந்து முழங்கையைப் பிடி. படத்தைக் கொண்டு வந்து ஒளிச்சு வெக்காதே. எனக்கு அதுதான் வலிச்சுது.

மருமகள்: பிடிக்கிறேன்... ஆனா போட்டி? ரா இல்லையே.

மாமியார்: நான் சொன்னதைத்தான் கேட்டியே தவிர, நீ விதிமுறையைப் படிக்கல. மொபைல்ல எடுத்திருந்தா, மொபைல்ல இருக்கிற அசலே போதும்.

மருமகள்: அசல் இருக்கு. ஆனா எடுத்தது நான்னு தெரிஞ்சுடுமே அத்தை. ஃபாரத்துல பேரு வேற இருக்கும்.

மாமியார்: ஃபாரத்துல உன் பேருதான் இருக்கு. அனுப்புன அன்னைக்கே எழுதிட்டேன். மொபைலை எடு, இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு.