தீட்டாத கத்தி

கத்தி நல்லதா என்று கேட்டால் கடைக்காரர்கள் ஒரு தக்காளியை நறுக்கிக் காட்டுவார்கள். புதுக் கத்தி எதுவானாலும் தக்காளியை நறுக்கும், ஐயா. அதெல்லாம் ஒரு சோதனையே இல்லை.

காடு மலை என்று போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் படிக்கும் பத்திரிகை ஒன்றில் நான் வெகுநாளாக எழுதுகிறேன். கூடாரம், அடுப்பு, விளக்கு எல்லாவற்றுக்கும் வேறு ஆட்கள் உண்டு. கத்தி என்றால் நான்தான். எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். ஒரே கத்தியால் எல்லா வேலையும் செய்ய வேண்டும். முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை அது தீட்டுக்கல்லைத் தொடக் கூடாது. விறகு பிளந்து, மீன் அரிந்து, தகர டப்பா திறந்து, குழி தோண்டி, எல்லாம் முடிந்து மழுங்கிப்போன பிறகு, தண்ணீரில் ஊறிய தடிக்கயிற்றை அறுக்க வேண்டும். உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரம் கத்தி புதிதாக இருக்கும்போது பார்த்து வராது என்று எழுதுவேன். அந்த வரிக்காகவே எனக்குப் பல வாசகர்கள்.

படம் எடுக்க என் தங்கையின் கணவர் வருவார். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஸ்டூடியோ இருந்தது. நாள் முழுக்க அடையாள அட்டைக்கு முகம் காட்டுகிறவர்களைப் படம் பிடித்து நொந்துபோனவர். "உங்க கத்தியாவது கண்ணைச் சிமிட்டாம நிக்குது மச்சான்" என்பார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான். "உங்க அண்ணன் ஒருநாள் கத்தியையே கட்டிக்கப் போறாரு பாரு" என்று தங்கையிடம் சொல்லி என் வாயைக் கிளறுவார். எனக்குக் கோபம் வராது. எங்களுக்குள் மனஸ்தாபம் எதுவும் இருந்ததில்லை, ஐயா. அதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்று நாங்கள் இருவரும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனது மடக்க முடியாத கத்தி. அலகின் எஃகு கைப்பிடியின் கடைசி வரை ஓடும். காலையிலிருந்து எந்த வேலைக்கும் அது முகம் சுளிக்கவில்லை. விறகின் மேல் வைத்து முதுகில் கட்டையால் அடித்தேன், பிளந்தது. அடுப்பு மூட்ட மெல்லிய சீவல் சீவியது. குழி தோண்டும்போதுதான் கல்லில் பட்டுக் கூர் மடங்கியது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், வழுக்கியது. கயிற்றுக்கு அதுதான் சரியான பதம்.

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன மடக்குக்கத்தி இருக்கும். அதை அன்று காலையில்தான் தீட்டியிருந்தேன். மதியம் மாப்பிள்ளை அதை வாங்கி ஆரஞ்சு உரிக்கப்போய் விரலை வெட்டிக்கொண்டார். "இவ்வளவு ஷார்ப்பா ஒண்ணை வெச்சுக்கிட்டு எதுக்கு மச்சான் அந்த மொட்டையோட மல்லுக்கட்டுறீங்க" என்று சிரித்தபடி, அவரே அதை என் பையில் திரும்பப் போட்டார்.

கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் இருந்த மரத்தில் கட்டிவிட்டு மீதியை ஆற்றில் ஊறப் போட்டிருந்தோம். அதை எடுத்து வர மாப்பிள்ளை இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது, ஆனால் இழுப்பு அதிகம். பாசி வழுக்கி விழுந்தார். கயிற்றின் சுருள் கணுக்காலை இறுக்கிக்கொண்டது. ஆறு அவரைக் கீழே தள்ள, மரம் காலைப் பிடித்துக்கொள்ள, கயிறு விறைத்து நின்றது. அப்படி மாட்டிக்கொண்டவரால் எழுந்திருக்க முடியாது, ஐயா. தலை உள்ளே போகும். கையை ஊன்றி எழும்பினால் ஒரு மூச்சு கிடைக்கும், மறுபடி உள்ளே போகும். கயிறு அறுந்தால் போதும், கொஞ்ச தூரத்தில் இருந்த மணல்திட்டில் அவர் ஒதுங்கிவிடுவார்.

நான் மரத்தடிக்கு ஓடினேன். சின்னக் கத்தியை எடுத்து உடனே அறுத்தேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அன்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள். விபத்து என்று எழுதி முடித்தீர்கள்.

நான் சின்னக் கத்தியை எடுக்கவில்லை.

பதற்றத்தில் கையில் இருந்த கத்தியால் அறுத்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் பெரிய கத்தி கையில் இல்லை. இடுப்பில், உறைக்குள் இருந்தது. உறையின் பித்தானைக் கழற்றி உருவ வேண்டியிருந்தது. மரத்தில் சாய்ந்தபோது பையில் இருந்த சின்னக் கத்தி என் நெஞ்சில் அழுத்தியது. மாப்பிள்ளையும் மறக்கவில்லை. தலை வெளியே வந்தபோதெல்லாம் கத்தினார்: "மச்சான், சின்னது. பையில இருக்கு, சின்னது."

எனக்குத் தெளிவாகவே கேட்டது. "கொஞ்சம் பொறுங்க மாப்ள, அறுந்துடும்" என்றேன்.

இத்தனை வருடமாக நான் எழுதிவந்த நேரம் அது. மழுங்கிய கத்தி, ஊறிய கயிறு, மறுமுனையில் ஒரு மனிதர். இனி ஒருமுறை வாய்க்காது என்றுதான் நினைத்தேன். கயிறு இழை இழையாக விட்டது. ஒவ்வொரு இழையும் எப்படி விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அவர் கூப்பிடுவது நின்றது. சில இழைகள்தான் பாக்கி என்பதால் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. சாவு வீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்களே அண்ணா, எனக்கு அது போதும்" என்று அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பத்திரிகை ஆசிரியர் இந்த முறை எழுத வேண்டாம், ஓய்வெடுங்கள் என்றார். வேலையில் இருந்தால் மனம் கொஞ்சம் அடங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். என் கட்டுரை எதையும் தங்கை படிக்காமல் விட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போட்டுவிட்டு, பத்திரிகையை மடித்து எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கயிறு கடைசிலதானே அறுப்பீங்க, அண்ணா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு கயிறு சோதனையை ஆரம்பிக்கவே இல்லைன்னு சொன்னீங்க. சின்னக் கத்தியாலதான் கயித்தை அறுத்தேன்னு சொன்னீங்க."

அவள் விரல் வைத்த இடத்தில் நான் எழுதிய வரி இருந்தது. 'நனைந்த கயிறு: மழுங்கிய நிலையிலும் அறுக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும்.'

பத்திரிகையை என் முன்னால் வைத்தாள். பிறகு நான் கை வைக்காத தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரவில்லை. நானே கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளையைக் கொன்றது ஆறு இல்லை, நான்தான். எங்கே கையெழுத்து கேட்டாலும் போடுகிறேன். உங்களிடம் பொய் சொன்னேன், கூடப் பிறந்தவளிடமும் பொய் சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அது முடியாது, ஐயா. அதைப் படித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு நான் விளையாட முடியுமா?