பார்த்ததையே எழுதப் பணித்த லவ்டே நான்காரோ அம்மையாருக்கு

கார்ன்வால் மண்ணின் மாண்புறு மகளே! மங்கிய மையில் மறைந்து கிடந்த மாந்தரை மீண்டும் ஊரறிய நிறுத்திய ஒருங்கிணைப்பாளரே! கணினிக் கோப்புகளையும் கட்டுக்கடங்காத எங்களையும் ஒருசேரக் காத்த கண்டிப்பின் கருவூலமே! வணக்கம்.

இவ்வளவு எழுதும் வரை எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. இதற்கு மேல் ஒவ்வொரு வரியிலும் குழப்பம்தான். அதை மறைக்காமல் உங்கள் முன் வைப்பதே முறை எனத் துணிந்தோம்.

மரபுப்படி இவ்விடத்தில் உங்கள் பணிக்காலத்தின் கணக்கு வர வேண்டும். மூத்த தன்னார்வலர் மூவரைக் கேட்டோம். மூவரும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார்கள், மூவரும் அடித்துச் சொன்னார்கள். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவான ஒவ்வொருவரும் எந்த ஊரில் பிறந்தார், எந்தச் சுரங்கத்தில் உழைத்தார் என்று நொடியில் எடுத்துத் தரும் நீங்கள், உங்களைப் பற்றிய ஒரு தேதியைக்கூட எங்கும் விட்டுவைக்கவில்லை. வேறு வழியின்றி உங்களிடமே கேட்டோம். "அதெல்லாம் இப்ப எதுக்கு? ரொம்ப நாளா பாக்குறாங்கன்னு போடுங்க" என்றீர்கள். ஆகவே, அம்மையீர், 'நெடுநாள்' என்றே பதிகிறோம்.

ஊதியமே இல்லாத பணியிலிருந்து ஒருவர் எப்படி ஓய்வு பெறுவார் என்பது எங்கள் அடுத்த குழப்பம். ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்டவர்களில் ஒருவரிடம் கண் வலி என்றீர்கள். மற்றொருவரிடம் தோட்டத்துக் களை என்றீர்கள். மெரின் ட்ரெகியர் அம்மையாரிடமோ, "உங்க எல்லாரோட மின்னஞ்சலையும் படிச்சு அலுத்துப்போச்சு" என்றீர்களாம். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம்.

அந்த மெரின் அம்மையாரே, சென்ற கோடையில் நாம் முதன்முறையாகச் சிற்றாலயக் கூடத்தில் நேரில் கூடியபோது, உங்களுக்கென வாங்கிய பூங்கொத்தைத் தவறான கையில் திணித்தவர். பென்சான்ஸ் பேருந்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டியவருக்குப் பயணிகளின் முகம் மறக்காது. ஆனால் உங்களைத் தொலைபேசிக் குரலாக மட்டுமே அறிந்திருந்தார். "லவ்டே! குரல வச்சு இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன், மகராசி!" என்று அவர் கட்டியணைத்த பெண்மணி, "நான் கேக்கு வெட்ட வந்தவ, கண்ணு. உங்க ஆளு அதோ, நாற்காலி அடுக்கிக்கிட்டு இருக்காங்க" என்று கைகாட்டினார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசை கோணலாக இருந்தது.

கோணலைப் பொறுக்காத உங்கள் குணமே எங்கள் குழுவின் இலக்கணமாயிற்று. பழம் பக்கங்களின் படத்தை ஒருவர் பார்த்துப் படியெடுக்க வேண்டும். வேறொருவர் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரே நீங்கள் இணையத்தில் ஏற்றுவீர்கள். புதிதாய் வருவோர் அனைவருக்கும் நீங்கள் சொல்லும் முதற் பாடம் ஒன்றே: "பாத்தத எழுதுங்க. தெரிஞ்சத எழுதாதீங்க." இப்பாடம் எத்துணைக் கடினம் என்பதைப் போல்வீன் ஊர் எங்களுக்குக் காட்டியது.

மாவட்டம் முழுவதும் ஏறிய பின் எஞ்சி நின்ற ஒரே ஊர் அது. அதையும் ஏற்றி முடித்துவிட்டே விலகுவது என்று நீங்கள் உறுதி பூண்டிருந்தீர்கள். அவ்வூரைப் படியெடுக்க முன்வந்தவர் அவ்வூர்க்காரரே: கடலில் தவிப்போரைக் கரைசேர்க்கும் படகில் நெடுங்காலம் பணியாற்றிய டென்சில் ஹோஸ்கிங் ஐயா. சுரங்கத் தலைவர் வில்லியம் ஹோஸ்கிங்கின் இல்லத்துப் பதிவில், அவர் பெயருக்குக் கீழே, 'கிரேஸ் ட்ரெம்பாத், வேலைக்காரி, மணமாகாதவர்' என்று கணக்கெடுப்பாளர் எழுதியிருந்தார். அந்தக் கிரேஸ்தான் டென்சில் ஐயாவின் குலத்துக்கு மூத்த தாய். ஊர்க் கல்லறையில் அவர் தலைமாட்டுக் கல்லோ அவரை 'வில்லியமின் அன்பு மனைவி' என்கிறது. ஐயா படியெடுத்தபோது 'மனைவி' என்று தட்டச்சு செய்துவிட்டார். சரிபார்த்த மெரின் அம்மையார் அதைப் பிடித்துவிட்டார். அன்றைய குழு அழைப்பில் நடந்த உரையாடலை நாங்கள் அனைவரும் கேட்டோம்.

"டென்சில், பக்கத்துல வேலைக்காரின்னு இருக்கு" என்றீர்கள்.

"எழுதினவன் அவசரத்துல கிறுக்கிட்டுப் போயிருப்பான். கல்லுல என்ன வெட்டியிருக்குன்னு வந்து பாருங்க."

"கல்லுல இருக்கறது கல்லுல இருக்கட்டும். நாம காகிதத்தத்தான் படியெடுக்கறோம்."

"செத்தவளுக்கு ஒரு மரியாத வேண்டாமா, லவ்டே? எங்க வீட்டுப் பொம்பளைய வேலைக்காரின்னு என் கையாலயே தட்டணுமா? உலகமே பாக்கப் போகுது!"

"உலகமெல்லாம் பாக்காது, டென்சில். ஆஸ்திரேலியாவுக்குப் பொழைக்கப் போன நம்ம வம்சத்துல நாலு பேரு பாப்பாங்க" என்று இடைபுகுந்தார் மெரின் அம்மையார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயாவின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பின் அவரிடமிருந்து ஒரு பக்கமும் வரவில்லை. போல்வீன் நின்றது. போல்வீனோடு நீங்கள் முடிக்க எண்ணிய மாவட்டமும் நின்றது.

ஒரே ஒரு சொல், அம்மையீர்! உங்கள் விரல் ஒருமுறை அழுந்தியிருந்தால் போதும். எவரும் அறிந்திருக்க மாட்டார். நீங்களே மாற்றி ஏற்றிவிடலாமே என்று நாங்கள் மன்றாடினோம். "அவரு பேருல வர்ற வேல. அவருக்குத் தெரியாம நான் கை வச்சா, கிரேஸக் கேக்காம எழுதிட்டுப் போன ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றீர்கள். அப்படியானால் அவர் எழுதியபடியே ஏற்றலாமே என்றோம். "இல்லாதத இருக்குன்னு ஏத்த மாட்டேன்" என்றீர்கள். இவ்விரண்டு மறுப்புகளுக்கும் நடுவே சிக்கிப் பல மாதங்கள் கழிந்தன.

அம்மாதங்களில் ஞாயிறுதோறும் டென்சில் ஐயாவை நீங்கள் தொலைபேசியில் அழைத்ததை அவரே பின்னர் எங்களுக்குச் சொன்னார். கடல் அலையைப் பற்றியும் அவருடைய கிழட்டு நாயின் கால் வலியைப் பற்றியும் பேசினீர்களாம். அந்தச் சொல்லைப் பற்றி ஒருமுறையும் பேசவில்லையாம். அதைப் பரிவு என்பார் எங்களுள் பாதிப் பேர். பிடிவாதத்தின் நுண்மையான வடிவம் என்பார் மீதிப் பேர். இம்மடலை எழுதும் நான் இலக்கியத் திறனாய்வு பயில்பவன், ஒரு பிரதியில் எவர் குரல் ஒலிக்கிறது, எவர் குரல் ஒடுங்குகிறது என வினவப் பழகியவன். வீட்டுத் தலைவர் வாய்மொழிந்ததை அதிகாரி எழுதிய அந்த வரியில் கிரேஸின் குரல் எங்கே என்று உங்களிடம் கேட்டேன். நீங்களோ, "அதத்தான் நானும் தேடறேன். அதுக்குன்னு ஒரு கட்டம் இல்லையேப்பா" என்றீர்கள். அவ்விடையை இன்றளவும் என்னால் எந்தக் கோட்பாட்டிலும் அடக்க முடியவில்லை.

சென்ற மாதம் போல்வீன் கோப்பு திரும்பி வந்தது. 'வேலைக்காரி, மணமாகாதவர்' என்று, பக்கத்தில் உள்ளபடியே இருந்தது. ஆனால் வரியின் கடைசியில், மைக்கறையையும் கிழிசலையும் மட்டுமே குறிக்க வேண்டும் என நீங்கள் வகுத்த குறிப்புக் கட்டத்தில், டென்சில் ஐயா இப்படி எழுதியிருந்தார்: 'வீட்டார் இவரை வேறு சொல்லால் அழைப்பர்.'

"விதிப்படி இது நிக்காது, லவ்டே" என்றார் மெரின் அம்மையார். அவர் சொன்னது சரியே. நீங்கள் அன்று மாலையே, ஓர் எழுத்தும் மாற்றாமல், போல்வீனை ஏற்றினீர்கள். மாவட்டம் நிறைவுற்றது. விதி காக்கப்பட்டதா, மீறப்பட்டதா? வளைந்தவர் அவரா, நீங்களா? குங்குமப்பூ ரொட்டியும் தேநீருமாய்க் கூடி உங்களை மறித்துக் கேட்டோம். "டீ ஆறுது, குடிங்க" என்றீர்கள்.

குடித்தோம். தெளிவு பிறக்கவில்லை.

இம்மடலும் உங்கள் விதிக்கு விலக்கன்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்த்தாக வேண்டும். தாமே அப்பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார் டென்சில் ஐயா. உங்களைக் 'கண்டிப்பின் கருவூலமே' என்று முதலில் விளித்திருந்த நான், விடைதரும் நாளில் அது கடுமையாக ஒலிக்குமோ என அஞ்சி, 'கனிவின் கருவூலமே' என மாற்றி அனுப்பியிருந்தேன். மறுநாள் காலையிலேயே தொலைபேசி ஒலித்தது.

"தம்பி, அடிச்சிட்டு மேல எழுதியிருக்கியே, அடியில என்ன இருந்துச்சு?"

"கண்டிப்புன்னு இருந்துச்சுங்க. நல்ல நாள்ல அது வேண்டாமேன்னு..."

"நீ பாத்தது எது?"

"கண்டிப்புதாங்க."

"அப்ப அதயே எழுது. பாசத்துக்காக எழுத்துல கை வைக்காத. நான் வச்சுப் பாத்துட்டேன்."

அவ்வாறே மீட்டெழுதினேன்.

எங்கள் கோணல்களை நேராக்கிய கோமகளே! இனி வரும் காலைகள் எந்தக் கட்டத்தையும் நிரப்பக் கேளாத காலைகளாகட்டும். உங்கள் கண்ணுக்கு ஒளியும், காலுக்கு வலிமையும், களையில்லாத் தோட்டமும் வாய்க்கட்டும். கணக்கெடுப்புக்கு வயதைக் கேட்டு எழுத வருவோர் வந்துகொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடப் பெரிய எண்ணைச் சொல்லி, நலமே நிறைந்து நீங்கள் வாழ்க!

இங்ஙனம்,
கார்ன்வால் கணக்கேடு படியெடுக்கும் தன்னார்வலர் அனைவரும்.

எழுதியவர்: பிரன் ரோஸ்வார்ன்.

சரிபார்த்தவர்: டென்சில் ஹோஸ்கிங், போல்வீன்.

குறிப்பு: 'கண்டிப்பின் கருவூலம்' என்று கண்டபடியே விடப்பட்டுள்ளது. வீட்டார் இவரை வேறு சொல்லால் அழைப்பர்.