அவனிடம்தான் கேட்டீர்கள்

இந்த வயதிலும் எனக்குக் காது நன்றாகக் கேட்கும், டாக்டரம்மா. கண் மங்கிவிட்டது, முட்டி போய்விட்டது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. பரங்கிப்பேட்டைக் கரையில் நின்றால், வருவது யாருடைய படகு என்று இன்ஜின் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். ஆகையால் அன்றைக்கு நீங்கள் கேட்டது என் காதில் விழவில்லை என்று சொல்லப்போவதில்லை.

என் பையன் சுரேந்தர் மாத்திரையை ஒழுங்காகத்தான் சாப்பிட்டான். நான்தான் கையில் கொடுப்பேன், விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். சுனாமியில் அவன் அம்மா அமராவதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவன் தலையில் அடியோடு தப்பினான். மறுவருடம் வலிப்பு வந்தது. எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். கடலுக்கு அனுப்பவில்லை. அடுப்புப் பக்கம் விடவில்லை. கதவைத் திறந்துவைத்துத்தான் குளிக்க வேண்டும் என்றேன், இருபது வயதுப் பையனை. வலிப்பு வந்தால் கையில் இரும்பு இருக்கட்டும் என்று அரைஞாணில் ஒரு சாவியும் கட்டிவிட்டேன்.

அவன் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூடப் படித்த பையன்கள் கடலிலிருந்து வந்து இறங்கும்போது, "மச்சான், சாவி பத்திரமா இருக்குதா? தொலைச்சிட்டா எங்க பூட்டுச் சாவி தர்றோம்டா" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்கிறானே என்று இருந்துவிட்டேன்.

கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருந்தபோது வெளியூர் ஆட்கள் வந்தார்கள். தூக்கம் வருதா, செத்துப்போவணும்னு தோணுதா என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். என் தம்பி பெண்டாட்டி பட்டம்மாள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். "தோணுது" என்றாள். கேட்டவர்கள் அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. அவள் சொன்னது மட்டும் ஊரில் தங்கிவிட்டது. இன்றைக்கும் அவளுக்குப் பேர் மெண்டல் பட்டம்மாள். குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள். மற்ற நாங்கள் எல்லாரும் அன்று ஒரே பதில்தான் சொன்னோம். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கோம்.

அந்தப் பதிலைத்தான் உங்களிடமும் சொன்னேன். ஆனால் நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"சுரேந்தர், ஏன் உயிரோட இருக்கோம்னு எப்பவாவது தோணுதா?"

அவன் வாயைத் திறந்தான். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.

"ஐயா, நான் அவரைக் கேட்டேன். நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க."

"எம்புள்ளகிட்ட எனக்குத் தெரியாதது என்னாம்மா இருக்குது?"

"வலிப்பு இருக்கறவங்களுக்கு மனசு நொந்துபோறது ஜாஸ்தி. அது அவங்க தப்பில்ல, அதுக்கும் வைத்தியம் இருக்கு. அவர் பேசட்டும்."

நான் எழுந்திருக்கவில்லை. மேஜைக்குக் கீழே அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. கொஞ்சம் அழுத்தினேன்.

"அப்பா சொல்றதுதாங்க" என்றான்.

திரும்பும்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வறுகடலை வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தான்.

"ஒரு வார்த்த பேச வுட்டிருக்கலாம்லப்பா."

"பட்டம்மா மாதிரி ஆவணுமாடா ஒனக்கு? எவன் பொண்ணு குடுப்பான்?"

கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திவைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் உங்களிடம் வரவேண்டிய நாளே இல்லை. மாத்திரை மிச்சம் இருந்தது. அதற்கு முந்தின நாள் சோறு போடும்போது அவன் சொன்னான்: "அப்பா, எனக்கு உசுரோட இருக்கப் புடிக்கல. என்னை நெனச்சா எனக்கே பயமா இருக்குது. டாக்டரம்மாகிட்ட சொல்லிடணும்." உங்களிடம் அதைச் சொல்லத்தான் அவன் வந்தான். சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் நான் கூட வந்தேன்.

மறுவாரம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் கிடைத்தான். வலிப்பு வந்து விழுந்துவிட்டான் என்று போலீசில் சொன்னேன். ஊரே நம்பியது. வலிப்பு வரவில்லை. அந்தச் சாவியை அவிழ்த்து, மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தான். போலீஸ் வருமுன் அதை எடுத்து என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். அவன் பேர் கெட்டுவிடக் கூடாது பாருங்கள்.

இன்றைக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தது பட்டம்மாள். நான் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, தனியாக ஆற்றுப் பக்கம் போய் நிற்கிறேன் என்று உங்களிடம் சொல்லவேண்டுமாம். நான்தான் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்.