யூலையில் கூடம் காத்த இரவீந்திரன் அண்ணருக்கு

ஒஸ்லோ மாநகரின் இரசாயன ஆய்வுகூடத்தில் ஓயாது உழைத்த உத்தமரே! கண்ணாடிக் குடுவைகளின் கண்ணுறங்காக் காவலரே! கடல் கடந்து வந்த மாணவரைக் கைநீட்டி வரவேற்ற கனிவின் வடிவமே! இருபத்திரண்டு ஆண்டுகள் எம்மோடு இருந்து, இன்று இளைப்பாறப் போகும் எங்கள் இரவீந்திரன் அண்ணரே! வணக்கம்.

இந்த மடலை எப்படி எழுதுவது என்பதில் எங்களுக்குள் பெரிய குழப்பம். போன கிழமை எங்களில் ஒருவரான முத்துசாமி உங்களை நேருக்கு நேர் புகழத் தொடங்கியதுமே, கோப்பி போடுவதாகச் சொல்லி எழுந்து போனவர் நீங்கள். இன்று இந்தச் சபையை விட்டு நீங்கள் அப்படிப் போய்விடக் கூடாது. ஆகவே ‘நீங்கள்’ என்பதைச் சற்று ஒதுக்கிவிட்டு, இரவீந்திரன் என்றொரு மனிதரைப் பற்றிச் சபையோருக்குச் சொல்கிறோம். யாரோ ஒருவருடைய கதை என்று நீங்களும் கேட்டுக்கொண்டிருங்கள்.

2003ஆம் ஆண்டில், திருச்சிக் கல்லூரி ஒன்றிலிருந்து இளநிலை வேதியியல் மாணவர் இருவரை இங்கே ஆய்வுப் பயிற்சிக்கு அழைக்கும் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது. வழிகாட்டி, பேராசிரியர் சிக்ரிட். ஏற்பாடுகள் எல்லாம் ஆய்வுகூடப் பொறியாளரான இரவீந்திரனின் தலையில். எந்த மாதம் வரச் சொல்லலாம் என்ற கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. யூலையில் கருவிகள் எல்லாம் சும்மா கிடக்கும், யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம், அவர் குடியிருந்த ஹொல்ம்லியாவிலிருந்து வரும் ரயிலில்கூட இருக்க இடம் கிடைக்கும். யூலை என்றே எழுதினார். சிக்ரிட்டும் கொட்டும் பனிக்காலத்தில் மற்றக் கடதாசிகளோடு சேர்த்து அதிலும் கையெழுத்து வைத்துவிட்டார்.

யூலையில் நோர்வே முழுவதும் விடுமுறையில் போய்விடும் என்பது இங்கே பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இரவீந்திரனுக்கும் தெரியும். ஆனால் அவர் ஒரு யூலையிலாவது விடுமுறை எடுத்ததில்லை. மற்றவர்கள் போகும்போது மிஞ்சுகிற வேலையை வாங்கிச் செய்வதே அவருடைய வழக்கம். பியோர்ண்டால், ஹவுகன்ஸ்டுவா போன்ற ஒஸ்லோப் புறநகர்களில் இருந்த நம்மவர் பலருக்கும் அன்றைக்கு அதுவே வழக்கம். ஆகவே யூலை என்றால் அவருக்கு ஆளில்லாத கூடம்தான். அதில் ஒரு குறை இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

நந்திதாவும் அஷ்வினும் வந்து இறங்கினார்கள். முதல் நாள் காலை அவர்களைக் கூட்டிக்கொண்டு நடைவழியில் போனபோதுதான் அவருக்கு எங்கோ உதைத்தது. அறைகள் எல்லாம் இருட்டு. ஒவ்வொரு கதவிலும் ஓகஸ்ட்டில் சந்திப்போம் என்று ஒரு துண்டு.

“சார், எங்க கைடு எப்ப வருவாங்க?” என்று நந்திதா கேட்டாள்.

“அவா மலையிலை நிக்கிறா, தங்கச்சி. ஓகஸ்ட்டிலைதான் வருவா. எனக்கு அது நினைவிலையே வரேல்லை.”

“ஆகஸ்ட் மொத நாளே சார் நாங்க ஊருக்குக் கிளம்பணும்.”

அப்புறம்தான் அவள் மெல்ல மெல்ல மற்றதைச் சொன்னாள். கல்லூரி திறந்துவிட்டது. வழிகாட்டி கையெழுத்திட்ட ஆய்வறிக்கையோடு திரும்பினால்தான் இந்த நாட்கள் வருகையில் சேரும். இல்லாவிட்டால் வருகை குறைந்து, பருவத் தேர்வு எழுத முடியாது. இரண்டு பிள்ளைகளின் படிப்பு தன் கை எழுதிய ஒரு சொல்லால் கெட்டுப்போகிறதே என்று இரவீந்திரன் இடிந்துபோனார்.

சிக்ரிட் விடுமுறைக்குப் போயிருந்த மலைவீட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசியும் எடுபடவில்லை. வழிகாட்டி இல்லாமல் புதிதாக எதையும் தொடங்க விதி இடம் கொடாது. சும்மா இருக்கப் பிடிக்காமல் நந்திதா குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கிறேன் என்றாள். திருச்சிப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே செய்கிற சோதனை அது. பியூரெட் என்ற அளவுகுழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரின் சிவப்பு நீலமாக மாறினால் முடிந்தது. தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு கரைசல் போகும். ஊரில் பாதிப் பியூரெட் போகும். இங்கே முதல் சொட்டிலேயே நீலம். கரைசல் பிழை என்று புதிதாகச் செய்தாள். அதுவும் முதல் சொட்டில் நீலம். அஷ்வின் செய்தான், இரவீந்திரனும் செய்தார், மூவருமாகத் திருதிருவென்று விழித்தார்கள். தண்ணீரில் ஒன்றுமே இல்லையா, இந்த நாட்டுத் தண்ணீர் எல்லாமே இப்படித்தானா என்று அவள் கேட்டாள். இத்தனை வருடம் அதைக் குடித்தும் இரவீந்திரனுக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

அடுத்த நாள் சிக்ரிட்டே அழைத்தார். தொலைபேசி எடுபடுகிற மேட்டில் ஏறி நின்று, நடந்ததைக் கேட்டு, வெட்கப்பட்டு, இங்கிருந்து நான் என்ன செய்யலாம் என்றார். மன்னிப்புக் கேட்பதா, உதவி கேட்பதா என்று தடுமாறிய இரவீந்திரன், உங்கள் மலைவீட்டு ஏரியிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் அனுப்புங்கள் என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், ஏரி ஏரியாகத் தண்ணீர் சேர்த்துப் பார்த்தால் அதுவே ஓர் ஆய்வு என்று அவருக்கே விளங்கியது. சிக்ரிட்டும் சம்மதித்து, தினமும் மாலையில் அதே மேட்டுக்கு வருவதாகச் சொன்னார். விளங்கியதும் விடவில்லை. மலைகளில் இருந்த மற்றப் பேராசிரியர்களையும் ஒவ்வொருவராகப் பிடித்தார். விடுமுறையில் வேலைப் பேச்சே பேசாதவர்கள், தண்ணீர் என்றதும் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, கழுத்துவரை நிரப்ப வேண்டும் என்று பேராசிரியர்களுக்கே கட்டளை எழுத நந்திதாவின் கை கூசியது. போத்தல்கள் பஸ்ஸில் வந்தன.

எல்லாம் ஓரிரு சொட்டில் முடிந்தன. சிக்ரிட் அனுப்பிய போத்தல் மட்டும் நீலமாக மறுத்தது. சொட்டுக்கு மேல் சொட்டு விட்டும் சிவப்பாகவே இருந்தது.

“மேடம் பாட்டில சரியா கழுவல போல. இத மட்டும் விட்டுடலாம் சார்,” என்றான் அஷ்வின். “புரொஃபசர்கிட்ட போய் நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு எப்படி சொல்றது?”

இரவீந்திரனுக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. ஏற்கெனவே அந்த அம்மாவின் விடுமுறையைக் குழப்பியாயிற்று. மாலையானதும் தொலைபேசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அதையும் விட்டுவிட்டால் அறிக்கையில் எழுத என்னதான் மிஞ்சும் என்ற பயம் கடைசியில் வென்றது. உங்கள் தண்ணீரில் ஏதோ பிழை என்று சொன்னார்.

சிக்ரிட் கோபிக்கவில்லை. மெதுவாக விளக்கினார். அந்த ஏரி அமிலமாகி மீன்கள் அழிந்ததால், ஊரார் அதில் சுண்ணாம்புக்கல் தூள் கொட்டி வருகிறார்கள், தண்ணீர் கடினமானது அதனால்தான். வருடாவருடம் அதில் நீந்துகிற தனக்கு அது ஞாபகமே வரவில்லை. விடுமுறை ஏரியை இரசாயனமாக நினைத்துப் பார்த்ததே இல்லை என்றார்.

மறுநாள், நடு யூலையில், சேற்றுச் சப்பாத்தோடு பேராசிரியர் சிக்ரிட் கூடத்துக்குள் வந்து நின்றார். இதை நேரில் கண்டிராத எவரும் இன்றுவரை நம்புவதில்லை. சுண்ணாம்பு இட்ட ஏரிகளும் இடாத ஏரிகளும் ஆய்வுப் பொருளாயின. அறிக்கையில் கையெழுத்து விழுந்தது. நந்திதாவும் அஷ்வினும் தேர்வு எழுதினார்கள். அன்று முதல் திருச்சி மாணவர்கள் ஆண்டுதோறும் யூலையிலேயே வருகிறார்கள், போத்தல்களும் தவறாமல் வருகின்றன.

அண்ணரே, இனி உங்களிடமே பேசுகிறோம். பொறுமையும் பண்பும் பொருந்தியவர் நீங்கள் என்று எழுதத்தான் வந்தோம். ஆனால் எங்களுக்கு உங்களில் மிகவும் பிடித்தது, குழம்பி நின்ற நேரத்திலும் குழப்பத்தை மறைக்காத உங்கள் மனம்தான். நீங்கள் இல்லாத கூடத்தை நினைக்கவே எங்களுக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நோயின்றி, நிறைவாக, நெடுங்காலம் குடும்பத்தோடு வாழ்க!

கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலோடு ஒரு வெறும் போத்தலும் தருகிறோம். அதில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறது. இடம் எழுதவில்லை. எங்கே போவீர்கள் என்று கேட்டால், தெரியாது என்கிறீர்கள். எங்காவது போங்கள். அங்குள்ள தண்ணீரால் மூன்று தரம் அலசி, கழுத்துவரை நிரப்பி அனுப்புங்கள்.

இந்த யூலையில் கூடத்தில் நாங்கள் நிற்கிறோம்.

மாறாத அன்புடன்,
ஆரணி, கபிலன், முத்துசாமி
மற்றும் ஆய்வுகூடத் தமிழ்ப் பணியாளர்கள்
ஒஸ்லோ, யூன் 2009