வாசல் சுவரில் ஒரு கை

தம்பி: ...அதுக்காக உடை மாத்தற ரூம்லயே குடியிருந்துடுவியா? வெளிய எல்லாரும் காத்துட்டிருக்காங்கண்ணே.

அண்ணன்: தலை சுத்துதுன்னு சொல்லிடு.

தம்பி: நாட்டு டீமுக்கே கேப்டனா ஆடுன ஆளு. தலை சுத்துதுன்னா எவன் நம்புவான்?

அண்ணன்: ஏன், கூடைப்பந்து ஆடுனவனுக்குத் தலை சுத்தக் கூடாதா?

செயலாளர்: ஐயா! கிளப் செயலாளர் பேசறேன். கதவு தாழ் போட்டிருக்கே... ரெடியா?

அண்ணன்: வரேன் சார். சட்டைல தண்ணி கொட்டிடுச்சு.

செயலாளர்: காயட்டும், காயட்டும். அரங்கத்துக்கு உங்க பேர் வச்சாச்சு. இன்னும் ஒரே ஒரு போட்டோதான். வாசல் சுவர்ல இருக்கே உங்க வெண்கலக் கை, அது மேல நீங்க கைய வச்சு நிக்கணும். பேப்பர்காரங்க அதுக்குத்தான் வந்திருக்காங்க.

அண்ணன்: இதோ...

செயலாளர்: போன மாசமே பதிச்சுட்டோம், நீங்கதான் வந்தே பாக்கல. சின்னப் பசங்க கைய வச்சு வச்சு, விரல் நுனியெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு. பாத்தா பூரிச்சுப் போயிடுவீங்க! டீ குடுத்து உக்கார வச்சிருக்கேன், சீக்கிரம் வாங்க.

தம்பி: போயிட்டாரு.

அண்ணன்: நிஜமாவா?

தம்பி: செருப்புச் சத்தம் கேக்கலையா? சரி, பாக்கெட்லருந்து கைய எடு.

அண்ணன்: வேணாம்.

தம்பி: ஆடுதா?

அண்ணன்: காலையிலருந்து. மாத்திரைக்கும் அடங்கல... பந்தைப் பிடிச்ச கைடா. இப்ப டம்ளரைப் பிடிக்க மாட்டேங்குது.

தம்பி: சுவர்ல அழுத்தி வச்சா தெரியாதுண்ணே.

அண்ணன்: ஆட்டத்தை அழுத்திடலாம். இந்தச் சுண்டுவிரலை?

தம்பி: அதையெல்லாம் யாருண்ணே உத்துப் பாக்கப் போறாங்க?

அண்ணன்: அரையிறுதில ஒடிஞ்சு கோணிப்போன விரல். அதோடவே ஆடி ஜெயிச்சேன்னு எழுதாத பேப்பர் இல்ல. சுவர்ல இருக்கறது ஸ்கேல் வச்ச மாதிரி நேரா நிக்குது.

தம்பி: வெண்கலம் ஊத்தறப்ப நிமிந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்.

அண்ணன்: நாய் வாலே நிமிராதுடா. எலும்பு நிமிருமா?

தம்பி: மெதுவாண்ணே... சிரிக்காதே, வெளிய கேக்கும்.

அண்ணன்: களிமண் பெட்டியை வீட்டுக்கு அனுப்பி, கைய அழுத்திக் குடுங்கன்னாங்க. நான் வச்சப்பல்லாம் ஏர் ஓட்டுன மாதிரி கிளறி வச்சேன். உங்க அண்ணி பாத்துட்டு உள்ள போய் அழுதா. அப்ப உன்னைப் பாத்து...

தம்பி: அதை விடேன்.

அண்ணன்: 'டேய், நீ வை'ன்னேன். ஏதோ கடைக்கு அனுப்பற மாதிரி. கொஞ்சமும் கூசல எனக்கு.

தம்பி: நானும்தான் மறுபேச்சு பேசாம வச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே கை. உனக்கு வளையம் எட்டுச்சு, எனக்கு பஸ் கூரை இடிச்சுது. ஒரு கண்டக்டர் கைக்கு வந்த யோகம்னு வச்சுக்கோ.

அண்ணன்: யோகமா? திருட்டுடா இது. அந்தப் பிள்ளைங்களை ஏமாத்தறோம். போய்ச் சொல்லிடறேன்... எனக்குக் கை ஆடுது, அது என் கை இல்லன்னு.

தம்பி: வேணாம்ணே.

அண்ணன்: பேத்து எடுக்கட்டும்.

தம்பி: ஐயோ, வேணாம்! கைக்குட்டைய சுத்து. சுளுக்குன்னு சொல்லுவோம். நான் சொல்றேன்.

அண்ணன்: எத்தனை நாளைக்குச் சுளுக்கு? எனக்காக நீ பொய் சொன்னது போதும். பேரோட கொஞ்சம் மானமும் மிஞ்சட்டும். தள்ளு.

தம்பி: அண்ணே...

அண்ணன்: கதவை ஏண்டா மறிக்கறே?

செயலாளர்: ஐயா! டீ முடிஞ்சுது!

அண்ணன்: வந்துட்டேன் சார்! டேய், வழி விடு. அசிங்கப்படப் போறது நான். உனக்கென்ன வந்துச்சு?

தம்பி: உன் மானத்துக்காகச் சொல்லலண்ணே... டூட்டி முடிஞ்சதும் தினமும் இங்க வந்து நிப்பேன், யாருக்கும் தெரியாம. பிள்ளைங்க வந்து என் கை மேல கை வைக்கறதைப் பாக்க.